மின்கார் ஓட்ட முதலில் வீடு வேண்டும்

"நூறு கிலோமீட்டருக்கு ஏழு வெள்ளிதான் ஆகுது." கடந்த ஓராண்டில் இந்த வாக்கியத்தைக் கல்யாண வீட்டில் கேட்டுவிட்டேன், மாமாக் கடையில் கேட்டுவிட்டேன், கோயில் கூட்டம் முடிந்து செருப்புத் தேடும் இடத்திலும் கேட்டுவிட்டேன். சொல்பவர்கள் நல்லவர்கள், படித்தவர்கள், மின்கார் வாங்கியவர்கள். அவர்கள் சொல்லும் கணக்கிலும் தப்பில்லை. அந்த வாக்கியத்தில் அவர்கள் விழுங்கிவிடும் பாதியோடுதான் எனக்குச் சண்டை. 'என் வீட்டுப் போர்ச்சில் ராத்திரி சார்ஜ் போட்டால்' என்பது அந்தப் பாதி.

ஜொகூரில் ஒரு மின்காரின் அன்றாடச் செலவு எவ்வளவு என்பதை அந்தக் காரின் பெயரை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஓட்டுபவர் எந்த மாதிரி வீட்டில் குடியிருக்கிறார் என்று கேட்க வேண்டும். தரைவீட்டுக்காரருக்கு அது மலிவான வண்டி. அதே காரை பிளாட்டில் குடியிருப்பவர் வாங்கினால் பெட்ரோல் காரைவிட அதிகம் செலவழிப்பார். இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் 'மிச்சம், மிச்சம்' என்று பேசுவது அரை உண்மை. அந்த அரை உண்மையின் மேல்தான் அரசின் கொள்கையும் உட்கார்ந்திருக்கிறது என்பதால் இதைச் சும்மா விட முடியவில்லை.

இலக்கிய இதழில் கார்க் கணக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். மலேசியத் தமிழ் எழுத்து பல பத்தாண்டுகளாக லயத்து வாழ்க்கையையும், தோட்டம் துண்டாடப்பட்டு வெளியேறியவர்களையும் எழுதிவருகிறது. அப்படி வெளியேறியவர்களில் எத்தனையோ பேர் வந்து சேர்ந்த இடம் பிளாட்தான். மாசாய், பாசிர் கூடாங், ஸ்கூடாய், தம்போய் என்று எந்தப் பக்கம் போனாலும் அந்த அடுக்குமாடிகள் நிற்கின்றன. தோட்டத்தை நினைத்துக் கண்கலங்கத் தெரிந்த நமக்கு, பிளாட்டின் கார் நிறுத்துமிடத்தில் இப்போது என்ன நடக்கிறது என்று பார்க்கவும் தெரிய வேண்டும்.

கணக்கைப் பார்த்துவிடுவோம். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், பெரிய கணக்கு இல்லை.

பெரோடுவா மைவி ஒன்று ஊருக்குள் நூறு கிலோமீட்டருக்கு 6 லிட்டர் குடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2025 செப்டம்பர் 30 அன்று புடி95 திட்டம் மலேசியக் குடிமக்கள் எல்லாருக்கும் தொடங்கியபோது ரோன்95 ஒரு லிட்டர் 1.99 ரிங்கிட், மாதம் 300 லிட்டர் வரை என்று இருந்தது. ஆக நூறு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 12 ரிங்கிட்.

சிறிய மின்கார் ஒன்று அதே தூரத்துக்கு 15 யூனிட் மின்சாரம் எடுக்கும். வீட்டில் சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்தால் பதினாறரை. 2025 ஜூலையில் வந்த புதிய கட்டண முறைப்படி சாதாரண வீட்டுக்கு ஒரு யூனிட்டின் விலை மூன்று துண்டாக வருகிறது. மின்சாரத்துக்கு 27.03 சென், கொள்திறனுக்கு 4.55 சென், கம்பிவடப் பின்னலுக்கு 12.85 சென். மொத்தம் 44.43 சென். அப்படியானால் நூறு கிலோமீட்டருக்கு 7 ரிங்கிட் 30 சென். அந்த வாக்கியம் சரிதான். மைவியைவிட நாலரை ரிங்கிட் குறைவு. மாதம் 1,500 கிலோமீட்டர் ஓட்டினால் ஏறக்குறைய 70 ரிங்கிட் மிச்சம்.

70 ரிங்கிட். இவ்வளவு பேச்சுக்கும் அடியில் இருக்கும் தொகை இவ்வளவுதான். அதிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. குறைவாக மின்சாரம் எரிக்கும் வீட்டுக்குத் தெனாகா நேஷனல் பில்லில் ஒரு கழிவு தருகிறது. யூனிட் ஏற ஏற அந்தக் கழிவு இறங்கி, ஆயிரம் யூனிட்டைத் தாண்டினால் மறைந்துவிடுகிறது. கார் வந்ததும் பில்லில் இருநூற்று ஐம்பது யூனிட் கூடுகிறது. அப்போது விசிறிக்கும் ஃபிரிட்ஜுக்கும் ஏற்கெனவே எரித்துக்கொண்டிருந்த யூனிட்டுகளுக்கான கழிவும் சேர்ந்தே குறைகிறது. 600 யூனிட்டைத் தாண்டினால் மாதம் 10 ரிங்கிட் தனிக் கட்டணம் வேறு. சிக்கனமாக வாழ்ந்த வீட்டுக்கு அந்த 70 ரிங்கிட் முழுசாகக் கைக்கு வராது. எஞ்சின் ஆயில் மாற்ற வேண்டாம், சர்வீஸ் செலவு குறைவு, அதில் வருஷத்துக்குச் சில நூறு ரிங்கிட் மிஞ்சும். ஒப்புக்கொள்கிறேன்.

இதெல்லாம் போர்ச் உள்ளவர்களின் கணக்கு. இனி பிளாட்டுக்கு வருவோம்.

பிளாட்டில் இருப்பவர் பொது சார்ஜரைத்தான் நம்ப வேண்டும். நெடுஞ்சாலை ஓய்விடங்களிலும் பேரங்காடிகளிலும் பெட்ரோல் நிலையங்களிலும் இருக்கும் வேக சார்ஜர்களில் ஒரு யூனிட் பெரும்பாலும் 1.20 ரிங்கிட்டிலிருந்து 1.60 வரை போகிறது. நடுவில் 1.40 என்று வைத்துக்கொண்டால் நூறு கிலோமீட்டருக்கு 21 ரிங்கிட். மைவிக்கு 12. மின்காருக்கு 21. அதே கார், அதே சாலை, அதே ஓட்டுநர். வீடு மட்டும் வேறு.

எனக்குத் தெரிந்த தம்பி ஒருத்தர் கிராப் ஓட்டுகிறார். மின்கார் வாங்கலாமா என்று என்னிடம் கேட்டார். "அண்ணே, எல்லாரும் மிச்சம்னு சொல்றாங்க, எனக்கு மட்டும் கணக்கு உதைக்குது" என்றார். உதைக்கத்தான் செய்யும். அவர் மாதம் 4,000 கிலோமீட்டர் ஓட்டுகிறார். பெட்ரோலில் ஏறக்குறைய 480 ரிங்கிட். தரைவீட்டில் இருந்து ராத்திரி சார்ஜ் போட்டால் 300க்குள் முடிந்துவிடும். அவர் இருப்பதோ நாலாவது மாடியில். பொது சார்ஜரில் போட்டால் 840. சார்ஜருக்காக வரிசையில் நிற்கும் நேரத்தில் போகும் சவாரிகள் இந்தக் கணக்கில் இல்லை. மின்காரால் அதிகம் மிச்சம் பிடிக்க வேண்டியவர் நாளெல்லாம் ஓட்டுகிற இவர். இவருக்குத்தான் அது கட்டுப்படியாகவில்லை. வாரத்தில் நாலு நாள் போர்ச்சில் நிற்கும் காருக்குக் கட்டுப்படியாகிறது.

"பிளாட்டில் ஒரு பிளக் போட்டால் போச்சு" என்பார்கள். பிளாட்டில் வாழ்ந்தவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள். வண்டி நிறுத்துமிடம் யாருக்கும் சொந்தமில்லை. எட்டு மணிக்கு மேல் வந்தால் இரட்டை வரிசையில் நிறுத்திவிட்டு, கண்ணாடியில் போன் நம்பரை வைத்துவிட்டு ஏற வேண்டும். மீட்டர் ஓரிடம், கார் ஓரிடம். நடுவில் உள்ள சுவரும் தரையும் பொதுச்சொத்து. 2013ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி அதில் கை வைக்கக் கூட்டு நிர்வாகக் குழு சம்மதிக்க வேண்டும். பாதி வீடுகள் பராமரிப்புக் கட்டணம் பாக்கி வைத்திருக்கும் குழு அது. நான் குடியிருக்கும் இடத்தில் லிஃப்ட்டைச் சரிசெய்யவே காசு சேரவில்லை. அங்கே போய் சார்ஜருக்குத் தனிக் கம்பிவடம் இழுங்கள் என்று கேட்டால் சிரிப்பார்கள்.

இந்த இடத்தில் தோட்டம் நினைவுக்கு வராமல் இருக்காது. பல தோட்டங்களில் லயத்துக்கு வந்த மின்சாரம் நிர்வாகத்தின் ஜெனரேட்டரிலிருந்து வந்தது. சாயங்காலம் போடுவார்கள், ராத்திரி ஒரு நேரத்தில் அணைத்துவிடுவார்கள். படம் பாதியில் நிற்கும், பிள்ளைகள் பாடத்தைப் பாதியில் மூடுவார்கள். விளக்கு இருந்தது, சுவிட்ச் வேறு கையில் இருந்தது. பிளாட்டில் இருபத்து நாலு மணி நேரமும் மின்சாரம் இருக்கிறது. ஆனால் அதை 44 சென்னுக்குக் காரில் ஏற்றும் உரிமை இல்லை. கீழே இறங்கி, இரண்டு கிலோமீட்டர் போய், 1.40க்கு வாங்க வேண்டும். பாதுகாப்பு, பொதுச்சொத்து, கம்பிவடத்தின் தாங்குதிறன் என்று காரணங்கள் எல்லாம் நியாயமாகத்தான் ஒலிக்கின்றன. நியாயமாக ஒலிக்கும் காரணங்களை ஏழைகளிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போவதுதான் உறுத்துகிறது.

முடியாத காரியமா இது? பாலத்துக்கு அந்தப் பக்கம் பாருங்கள். சிங்கப்பூரில் பெரும்பாலோர் இருப்பது வீவக அடுக்குமாடிகளில். அங்கே போர்ச் என்ற பேச்சே இல்லை. அதனால் அரசாங்கம் சார்ஜரை அடுக்குமாடிக்கே கொண்டுபோகிறது. ஏறக்குறைய 2,000 வீவக கார் நிறுத்துமிடங்களில் சார்ஜர் வைப்பது திட்டம். 2030க்குள் தீவு முழுக்க 60,000 சார்ஜிங் முனைகள் இலக்கு. தனியார் அடுக்குமாடிகளுக்கும் வழி செய்தார்கள். 2023 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின் மூலம், சார்ஜர் வைப்பதற்கான தீர்மானத்துக்குப் பாதிக்கு மேல் வாக்கு கிடைத்தால் போதும் என்று வரம்பைக் குறைத்தார்கள். நார்வேயிலும் கலிஃபோர்னியாவிலும் அடுக்குமாடிவாசி சார்ஜர் வைக்கக் கேட்டால் நிர்வாகம் காரணமில்லாமல் மறுக்க முடியாதபடி சட்டம் இருக்கிறது. சிங்கப்பூர் பணக்கார நாடு என்று சொல்லித் தப்பிக்க வேண்டாம். வாக்கு வரம்பைக் குறைக்கப் பணம் தேவையில்லை.

நாம் என்ன செய்தோம்? 2025க்குள் நாடு முழுக்க 10,000 பொது சார்ஜர்கள் என்று இலக்கு வைத்து ஏறக்குறைய பாதியில் நின்றோம். ஆனால் வரிச்சலுகை தருவதில் தாமதமே இல்லை. 2022 ஜனவரி முதல் 2025 கடைசி வரை முழுதாக இறக்குமதியாகும் மின்கார்களுக்கு இறக்குமதி வரியும் கலால் வரியும் தள்ளுபடி. அதே காலத்தில் அப்படி இறக்குமதியாகும் கார் ஒரு லட்சம் ரிங்கிட்டுக்குக் கீழே விற்கக்கூடாது என்றும் விதி இருந்தது. உள்நாட்டுத் தயாரிப்பாளர்களைக் காப்பாற்றும் விதி என்றார்கள், இருக்கட்டும். இரண்டையும் சேர்த்துப் படித்தால் என்ன வருகிறது? நாலு வருஷம் அரசாங்கம் விட்டுக்கொடுத்த வரியில் பெரும்பகுதி ஒரு லட்சத்துக்கு மேல் கார் வாங்க முடிந்தவர்களின் போர்ச்சுக்குப் போயிருக்கிறது. சாலை வரியும் அந்தக் காலத்தில் பூஜ்யம். கப்சாய் மோட்டாருக்குச் சாலை வரி கட்டிய தொழிலாளி பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது விலை இறங்கிவிட்டதே என்று கேட்கலாம். உண்மைதான், இறங்கியிருக்கிறது. புரோட்டோன் இ.மாஸ் 7 2024 டிசம்பரில் ஒரு லட்சத்துக்குச் சற்று மேலே வந்தது. 2025 அக்டோபர் கடைசியில் இ.மாஸ் 5 வந்தபோது தொடக்க விலை 60,000 ரிங்கிட்டை ஒட்டி இறங்கிவிட்டது. மேல்ரக மைவியின் விலைக்கு மின்கார். தரைவீட்டில் இருந்து தினமும் வேலைக்குப் போய்வருபவர் என்றால் யோசிக்காமல் வாங்கலாம் என்றுதான் நானும் சொல்வேன். விலைத் தடை விலகிய பிறகு பிளக் தடை இன்னும் பெரிதாகத் தெரிகிறது.

பெரோடுவா க்யூவி-இ வேறு மாதிரி. 2025 டிசம்பர் 1ஆம் தேதி அறிமுகமானபோது கார் 80,000 ரிங்கிட், பேட்டரி சேராமல். பேட்டரிக்கு மாதம் 275 ரிங்கிட் வாடகை, ஒன்பது வருஷம். பேட்டரி கெட்டுப்போகுமோ என்ற பயத்தைப் போக்கும் ஏற்பாடு என்று விளக்கினார்கள். அந்தப் பயம் போகலாம், கணக்கு போகாது. மாதம் 1,500 கிலோமீட்டர் ஓட்டும் மைவிக்காரரின் பெட்ரோல் செலவே 180 ரிங்கிட். பேட்டரி வாடகை மட்டும் அதைவிட 95 ரிங்கிட் அதிகம். மின்சாரத்துக்கு இன்னும் காசு கொடுக்கவில்லை. புடி95 விலையில் ஒரு மைவி 275 ரிங்கிட்டுக்குப் பெட்ரோல் குடிக்க வேண்டுமென்றால் மாதம் ஏறக்குறைய 2,300 கிலோமீட்டர் ஓட வேண்டும். ஒன்பது வருஷ வாடகையைக் கூட்டினால் 29,700 ரிங்கிட். 22,000 ரிங்கிட் விலையில் வந்த ஆக்சியா இ காரை வாங்கிவிட்டு மிச்சக் காசில் வருஷக்கணக்காகப் பெட்ரோல் ஊற்றலாம். மக்கள் கார் கம்பெனி என்று பெயர் எடுத்த நிறுவனத்திடம் மக்கள் வேறு எதையோ எதிர்பார்த்தார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு, "நான்தான் அப்பவே சொன்னேனே" என்று கிளம்பும் வாட்ஸ்அப் பெரியவர்களிடமும் எனக்குப் பாக்கி இருக்கிறது. மூணு வருஷத்தில் பேட்டரி செத்துவிடும் என்கிறார்கள். பெரும்பாலான கம்பெனிகள் எட்டு வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வரை பேட்டரிக்கு உத்தரவாதம் தருகின்றன. மழைக்காலத்தில் ஷாக் அடிக்கும் என்கிறார்கள். அடிக்காது. தைப்பூசத்துக்குப் பத்துமலை போக முடியாது என்கிறார்கள். ஜொகூர் பாருவிலிருந்து கோலாலம்பூர் ஏறக்குறைய 330 கிலோமீட்டர், சிறிய மின்காரில் வழியில் ஒருமுறை நிறுத்தினால் போதும். விடுமுறைக் கூட்டத்தில் அந்த ஒருமுறை நீண்ட வரிசையாகும், அவ்வளவுதான். நிலக்கரியில்தானே மின்சாரம் வருகிறது என்கிறார்கள். இது ஒன்றுதான் யோசிக்க வேண்டிய கேள்வி. பொந்தியான் கடலோரத்தில் தஞ்சோங் பின் அனல்மின் நிலையம் 2,100 மெகாவாட்டும், பக்கத்தில் பின்னர் வந்த அலகு 1,000 மெகாவாட்டும் நிலக்கரியை எரித்துத்தான் தருகின்றன. நிலக்கரி கலந்த மின்சாரத்திலும் மின்காரின் மொத்தப் புகை குறைவு என்றே பெரும்பாலான ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் ஸ்கூடாய் சாலையில் குறைந்த புகையில் ஒரு பங்கு கூக்கூப் பக்கம் போகிறது. 'பசுமை' என்று காரின் பின்னால் ஒட்டிக்கொள்பவர்கள் ஒருநாள் அந்தக் கடலோரம் போய்ப் பார்க்கலாம்.

எனக்கு மின்வாகனத்தோடு பகை இல்லை. வரிசையைத் தலைகீழாகத் தொடங்கிவிட்டார்கள் என்பதுதான் என் குற்றச்சாட்டு. ஜொகூரில் அன்றாட வாகனம் எது என்று தெரிய வேண்டுமானால் விடிகாலை ஐந்து மணிக்குப் பாலத்தின் முகப்புக்குப் போங்கள். ஹெல்மெட் கடல். மழைச்சட்டை, முதுகுப்பை, கையில் பாஸ்போர்ட். சிங்கப்பூர் வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளை அந்தக் கூட்டத்தில்தான் தேட வேண்டும். கப்சாய் மோட்டார் நாலு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 200 கிலோமீட்டர் ஓடும். நூறு கிலோமீட்டருக்கு 4 ரிங்கிட். இதை எந்த மின்காராலும் எட்ட முடியாது, தரைவீட்டில் சார்ஜ் போட்டாலும்கூட. மின்மோட்டார் எட்டும். நூறு கிலோமீட்டருக்கு மூன்று நான்கு யூனிட், 1 ரிங்கிட் 33 சென்னிலிருந்து 1 ரிங்கிட் 78 சென் வரை.

அதோடு சில மின்மோட்டார்களின் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போகலாம். பிளாட்டில் இருப்பவர் 44 சென் மின்சாரத்தைத் தொட இருக்கும் ஒரே நேர்வழி இது. பத்துக் கிலோவை நாலு மாடி தூக்க வேண்டும், அதுவும் உண்மைதான். அதனால்தான் தைவானில் 2015 முதல் கோகோரோ நிறுவனம் தெருமுனையில் பேட்டரி மாற்றும் நிலையங்களை வைத்தது. காலிப் பேட்டரியைச் செருகு, நிரம்பியதை எடு, போ. இந்தியாவில் மின்வாகனம் பரவியது இரண்டு சக்கரத்திலும் மூன்று சக்கரத்திலும்தான். தமிழ்நாட்டில் ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் தயாராகும் ஸ்கூட்டர்கள் சாதாரண வீட்டு பிளக்கில் சார்ஜ் ஏறுகின்றன. நம் அரசாங்கமும் மோட்டாருக்கு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். வருஷ வருமானம் 1,20,000 ரிங்கிட்டுக்கு உட்பட்டவர்களுக்கு மின்மோட்டார் வாங்க 2,400 ரிங்கிட் கழிவு அறிவித்தது. ஒரு லட்ச ரிங்கிட் காருக்கு விட்டுக்கொடுத்த வரிக்குப் பக்கத்தில் அந்த 2,400ஐ வைத்துப் பாருங்கள்.

மின்வாகனம் என்றால் கார்தான் என்று நம் மண்டையில் யாரோ எழுதிவைத்துவிட்டார்கள். 2025 டிசம்பர் 12ஆம் தேதி முதல் கோலாலம்பூரிலிருந்து ஜொகூர் பாரு வரை மின்ரயில் ஓடுகிறது. புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் நார்த் போகும் ரயில் ஓடத் தொடங்கும்போது ஒரு திசையில் மணிக்கு 10,000 பேரை ஏற்றும். அவையும் மின்வாகனங்களே. அவற்றில் ஏற யாருக்கும் போர்ச் தேவையில்லை. ஆனால் மாசாயிலிருந்தோ உலு திராமிலிருந்தோ அந்த ரயிலடிக்கு நேரத்துக்கு வரும் பஸ் வேண்டும். பஸ் இல்லாவிட்டால் விடிகாலை நாலரை மணிக்கு மறுபடியும் கப்சாய்தான்.

எனவே கேட்க வேண்டியவை இவை. பொதுச்சொத்தில் சார்ஜர் வைக்கும் தீர்மானத்துக்கு எளிய பெரும்பான்மை போதும் என்று சட்டம் திருத்தப்பட வேண்டும். மலிவுவிலை பிளாட்டுகளின் நிறுத்துமிடங்களில் அரசு செலவில் மெதுவான சார்ஜர்கள் வர வேண்டும், அங்கே ஒரு யூனிட்டின் விலை வீட்டுக் கட்டணத்தை ஒட்டி இருக்க வேண்டும். ராத்திரி எட்டு மணி நேரம் சும்மா நிற்கும் காருக்கு வேக சார்ஜர் எதற்கு? ஒவ்வொரு பிளாட் வளாகத்திலும் மோட்டார் பேட்டரி மாற்றும் நிலையம் வேண்டும். இனி வரிச்சலுகை தருவதென்றால் முதலில் இரண்டு சக்கரத்துக்கு, பிறகு கிராப் ஓட்டுபவருக்கு, கடைசியில் மற்றவர்களுக்கு.

தேர்தல் வரும்போது மேடையில் வேறு பேசுவார்கள், அதற்குக் காத்திருக்க வேண்டாம். பிளாட்டின் ஆண்டுக் கூட்டத்துக்கு நோட்டீஸ் ஒட்டுவார்கள், அநேகமாக லிஃப்ட் பக்கத்தில், குப்பைக் கட்டண நோட்டீஸுக்குக் கீழே. வழக்கமாகப் பத்துப் பேர்தான் போவார்கள். இந்த முறை நீங்களும் போய் உட்காருங்கள். பக்கத்து வீட்டு அக்காவையும் மேல்மாடி கிராப் அண்ணனையும் கூப்பிட்டுக்கொண்டு போங்கள். இதர விஷயங்கள் என்று தலைவர் சொல்லும்போது எழுந்து, நம் பிளாட்டுக்குச் சார்ஜர் எப்போது என்று கேளுங்கள். சிரிப்பார்கள். கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லிவிட்டு உட்காருங்கள்.